தேய்ந்த தட்டும் தெவிட்டாத பாட்டும்



இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் பதிந்துவைத்த திரையிசையைச் சுவைப்பதற்கு ஒலியின் தரம் எவ்வளவு இன்றியமையாதது என்னும் வினாவைப் பற்றிச் சில வரலாற்றுச் செய்திகளைக் கூற முற்படுகின்றேன். வினா எளிதுபோலத் தோன்றும். ஒரு சாரார், பாட்டு நல்லதாயின் ஓட்டைப் பெட்டியிற் கேட்டாலும் இனிக்கும் என்பர். மற்றொரு சாரார், பதிவுக்கூடத்தில் எழுந்த நாதம் அத்தனையும் செவிக்கு எட்டாவிடின் நாம் கேட்பது பாட்டின் நிழலேயன்றிப் பாட்டு ஆகாது என்பர். இரு சாராரும் தத்தம் வீட்டுப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வாதிடுவதனால் வழக்கு முடிவதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ இவ்வினாவை வாழ்க்கையே ஒரு நெடும் பரிசோதனைக்கு உட்படுத்திப் பார்த்துவிட்டது. ஏறக்குறைய நூறாண்டு நடந்த பரிசோதனை அது. மின்சாரம் வருமுன்னும் வந்தபின்னும் வந்தது போனபின்னும், ஒரே மக்கள், ஒரே மொழியின் பாட்டுகளை, மிகச் சிறந்த கருவியிலும் மிகக் கடைப்பட்ட கருவியிலும் கேட்டு வந்திருக்கின்றனர். அவர்களுடைய செவியைச் சாட்சிக்கு அழைப்பதே என் நோக்கம்.

எடிசன் என்னும் அமெரிக்கர் 1877ஆம் ஆண்டில் ஒலியைப் பதிந்து மீட்டுக் காட்டினார். பத்தாண்டு கழித்து பெர்லினர் என்பார் தட்டையான வட்டத்திற் பதியும் முறையைக் கண்டார். இந்தியாவில் முதற் பதிவுகள் 1902இல் கல்கத்தாவில் நிகழ்ந்தன. அன்றைய தட்டு அரக்கினால் ஆனது. அரக்குப் பூச்சி மரக்கிளையிற் கசியவிடும் பிசினோடு கற்பொடியைக் குழைத்து அழுத்திய தட்டு அது. கற்பொடி எதற்கு என்று கேட்கலாம். தட்டுக்கு உறுதி தருவதோடு, உருக்கு ஊசியின் முனையைத் தேய்த்துப் பள்ளத்துக்கு இசைவாக்கும் வேலையையும் அது செய்தது. அதனாலேதான் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஊசியை மாற்றவேண்டியிருந்தது; அதனாலேதான் பழைய தட்டு ஓடும்போது எண்ணெய்ச்சட்டியிற் கடுகு பொரிவதுபோன்ற இரைச்சலும் கேட்டது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடிய நேரம் பாடலாம். திரைப்படப் பாட்டுக்கு மூன்று, மூன்றரை நிமிடம் என்ற அளவு கவிஞரும் இசையமைப்பாளரும் கூடியிருந்து வகுத்த இலக்கணம் என்று எண்ணுவோர் உளர். அதை வகுத்ததிற் பெரும்பங்கு இந்தத் தட்டினுடையது.

1925 வரை இசைத்தட்டுப் பதிவில் ஒலிவாங்கி வழக்கில் இல்லை. பாடுபவர் ஒரு பெரிய கூம்பின் வாயை நோக்கிப் பாட, அந்தக் காற்றின் வலுவே மெழுகில் ஊசியை அசைத்தது. மனிதச் செவி வினாடிக்கு இருபது அதிர்வு முதல் இருபதினாயிரம் அதிர்வு வரையிலான ஒலிகளைக் கேட்கவல்லது. கூம்பு வழியாகப் பதிந்தவை அதன் நடுவேயுள்ள ஒரு சிறு பகுதி மட்டுமே. கீழே முழங்கும் நாதமும் மேலே மின்னும் நாதமும் வெளியே நின்றுவிட்டன. 1925இல் மின்முறைப் பதிவு வந்ததும் இந்த வாயில் சற்று அகன்றது.

நம்மவர் இந்த நெருக்கடியை எப்படிக் கடந்தனர் என்பது சுவையான செய்தி. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் 1920களில் இலங்கை நாடகமேடையிலே இணைந்தவர்கள் என்பதை நேயர்கள் அறிவர். ஒலிவாங்கி இல்லாத மேடையில், கொட்டகையின் கடைசி வரிசையில் வெற்றிலை மென்றுகொண்டிருப்பவனுக்கும் கேட்கவேண்டும் என்று பாடிப் பழகிய குரல்கள் அவை. உயர்ந்த சுருதி, தெளிந்த உச்சரிப்பு, நேரே வந்து தாக்கும் நாதம். அந்தக் குரல்கள் கிராமபோனின் ஒடுங்கிய வாயிலிலும் இடறாமல் நுழைந்தன. எம். கே. தியாகராஜ பாகவதர் திரைக்கு வந்தபோதும் அதே மேடைக்குரலைத்தான் கொண்டுவந்தார். 1944இல் வெளிவந்த ஹரிதாஸ் சென்னைப் படமாளிகை ஒன்றில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதன் பாட்டுகள் தட்டாகவும் வாய்ப்பாட்டாகவும் கடல் கடந்து நம் கரைக்கு வந்தன. தரம் குறைந்த கருவி மேற்படி குரல்களுக்குக் கேடு செய்யவில்லை என்பதைக் காட்டிலும், அந்தக் கருவிக்குப் பொருந்திய குரல்களே அக்காலத்திற் புகழ் பெற்றன என்று சொல்வது பொருந்தும். பொருந்தாத குரலுடைய நல்ல பாடகர் எத்தனைபேர் மறக்கப்பட்டனரோ!

இன்னுமொன்று சொல்லவேண்டும். அக்காலத்தில் நாம் வாங்கிய இசைத்தட்டு பெரும்பாலும் படத்தில் ஒலித்த பதிவே அன்று. படத்துக்கு ஒருமுறை பாடி, கிராமபோன் நிறுவனத்துக்கு மறுமுறை பாடுவது வழக்கம். படத்தில் நீண்டு நின்ற ஆலாபனை தட்டிற் சுருங்கும். சில வேளைகளிற் பின்னணி வாத்தியங்களும் மாறும். ஆகவே "மூலத்தைப்போல் இல்லை" என்று இன்று குறைகூறுவோர், எது மூலம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

இனி வானொலிக்கு வருவோம். கொழும்பில் 1925 டிசம்பர் 16ஆம் நாள் முறையான ஒலிபரப்புத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியப் படைவீரருக்காக நேச நாட்டினர் இத்தீவில் நிறுவிய வலுமிக்க சிற்றலைப் பரப்பி, போர் முடிந்தபின் இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. 1950 செப்டெம்பர் 30ஆம் நாள் வர்த்தக ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. இரண்டாண்டுக்குள் பாரதத்தில் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் அவர்கள், திரைப்படப் பாட்டு மக்களுடைய இசைச் சுவையைக் கெடுக்கின்றது என்று கருதி, அகில இந்திய வானொலியில் அதற்கு இடமில்லாமற் செய்தார். சாஸ்திரிய சங்கீதத்தின்மீது அவருக்கிருந்த பற்றை மதிக்கின்றேன். ஆயினும் அதனால் நேர்ந்ததென்ன? பாரதத்தில் கோடிக்கணக்கான செவிகள் கொழும்பை நோக்கித் திரும்பின. 1957 ஒக்டோபர் 3ஆம் நாள் விவித பாரதி பிறக்கும்வரை, பிறந்தபின்னும் நெடுங்காலம், இலங்கை வானொலியே தென்னாசியாவின் பாட்டுப்பெட்டியாக விளங்கியது. மயில்வாகனன் அவர்களின் குரலைத் தமிழகத்து ஊர்களும் தம் குரலாகக் கொண்டாடின.

இங்கே ஒலித்தரத்தைப் பற்றிய ஒரு பாடம் இருக்கின்றது. அயல்நாட்டில் நல்ல நிலையங்கள் இருந்தன. அவற்றின் மத்திய அலை ஒலிபரப்புத் தெளிவாகக் கேட்டது. இலங்கையின் சிற்றலையோ வானத்து உயர்மண்டலத்திற் பட்டுத் தெறித்து வருவது. அந்த மண்டலம் அசைந்தால் பாட்டும் அசையும். குரல் அருகில் வந்து நின்று, பின் கிணற்றடிக்குப் போவதுபோல் தேய்ந்து, மறுபடியும் வரும். இந்த ஏற்ற இறக்கத்தோடு கூடிய பாட்டையே மக்கள், தெளிவாக வந்த வேறு நிகழ்ச்சிகளை விட்டுவிட்டுத் தேடிச் சென்றனர். வேண்டிய பாட்டு வேண்டிய நேரத்திற் கிடைப்பதே முதற்றரம். தெளிவு அதற்கு அடுத்தது என்று அவர்கள் திருப்பானைத் திருப்பியே தீர்ப்பளித்துவிட்டனர். நம் குடாநாட்டவருக்கு இரட்டை வாய்ப்பு. பாக்குநீரிணைக்கு அப்பால் 1939இல் தொடங்கிய திருச்சி நிலையம் கடல்மீது தவழ்ந்து வந்து நம் வீட்டுப் பெட்டியில் அயல்வீட்டுப் பேச்சுப்போல் ஒலிக்கும். கொழும்போ பாட்டைத் தரும். கச்சேரிக்குத் திருச்சி, பாட்டுக்குக் கொழும்பு என்று முள்ளைத் திருப்பிய வீடுகள் பல.

சின்னஞ்சிறு பெட்டியில் ஆண்குரலின் கம்பீரம் எவ்வாறு கேட்டது என்பதும் ஆராயத்தக்கது. சட்டைப்பை அளவான திரான்சிஸ்டர் வானொலியின் ஒலிபெருக்கி கீழ்நாதங்களைத் தரவே முடியாதது. ஆயினும் டி. எம். சௌந்தரராசனின் குரலும் சீர்காழி கோவிந்தராசனின் குரலும் அதிலே பெண்குரலாகி விடவில்லை. இதற்குக் காரணம் பெட்டியில் இல்லை. நம் தலைக்குள் இருக்கின்றது. ஒரு நாதத்தோடு அதன் இருமடங்கு, மும்மடங்கு அதிர்வுள்ள துணைநாதங்களும் எழும். துணைநாதங்கள் மட்டும் செவியை எட்டினாற்கூட, மூளை அவற்றின் அடியிலுள்ள மூலநாதத்தைத் தானே ஊகித்து நிரப்பிக்கொள்கின்றது. வாசலிலே பிள்ளைகளைக் கண்டு தந்தையை அடையாளங் காண்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். விசுவநாதன் ராமமூர்த்தி காலத்து இசையமைப்பிற் குரல் முன்னே நின்றது, சொல் தெளிவாயிருந்தது, வாத்தியங்கள் குரலுக்கு வழிவிட்டு ஒதுங்கின. ஒற்றை ஒலிபெருக்கியில், வீட்டு இரைச்சல்களுக்கு நடுவே கேட்கப்படுவதற்கு இதைவிடப் பொருந்திய இசையமைப்பு வேறில்லை. குறைந்த ஒலித்தரத்தில் அந்தப் பாட்டுகள் இழந்தது சொற்பம்.

கோயில் திருவிழாவையும் கலியாண வீட்டையும் விட்டுவிட்டு யாழ்ப்பாணத்து ஒலிவரலாற்றை எழுத முடியாது. தென்னையிலும் பனையிலும் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி அதிகாலையிலேயே ஊரை எழுப்பிவிடும். இந்தக் கூம்பு கீழ்நாதத்தை அடியோடு விழுங்கி, மனிதச் செவி எதற்கு மிகக் கூர்மையாயிருக்கின்றதோ அந்த நடுமேற்பகுதியை மட்டும் பெருக்கி எறிகின்றது. அதனாற்றான் இரண்டு மைல் தூரத்துக்கும் சொல் விளங்குகின்றது. பக்கத்திலிருப்பவனுக்குக் காது குடைகின்றது. நாகஸ்வர நாதத்தில் துணைநாதங்கள் மிகுதி. ஆகவே 1962இல் வந்த கொஞ்சும் சலங்கை படத்தில் காருக்குறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் எஸ். ஜானகியின் குரலும் ஒன்றையொன்று தொடரும் அந்தப் பாட்டு, கூம்பு வழியே வயல்வெளியைத் தாண்டி வரும்போது ஏதோ ஓர் அழகு பெற்றுவிடுகின்றது. தூரமும் காற்றும் அதன் முனையை மழுக்கிவிடுவது காரணமாகலாம். இது கூம்புக்கு நான் தரும் ஒரேயொரு பாராட்டு. தவிலின் தொப்பி நாதத்தை அது கொன்றுவிடும். மேலும், சாதாரண தரப் பரீட்சை நடைபெறும் வாரத்தில் ஒரு பாடசாலை அதிபரிடம் கூம்பு ஒலிபெருக்கியின் சிறப்பைப் பற்றிக் கேட்பது முறையாகாது.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் வெளியிட்ட சிறு ஒலிநாடா, 1977இன் பின்னர் இலங்கையில் இறக்குமதிக் கதவு திறந்தபோது, யப்பானியப் பெட்டிகளோடு குடாநாட்டை நிறைத்தது. மத்திய கிழக்கில் தொழிலுக்குப் போனவர்கள் திரும்பிவரும்போது வானொலியும் நாடாக்கருவியும் ஒன்றாயமைந்த பெட்டியைத் தோளிற் சுமந்து வந்தனர். ஊருக்கு ஊர் பாட்டுப் பதியும் கடைகள் எழுந்தன. வெறும் நாடாவையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்தால் மூன்றாம் நாள் பாட்டு நிறைந்து வரும். கடைக்காரர் வைத்திருந்ததே ஒரு பிரதியின் பிரதி; நாம் அதைத் தம்பிக்குப் பதிந்துகொடுத்தால் அது மூன்றாந் தலைமுறை. ஒவ்வொரு தலைமுறைக்கும் மேல்நாதம் சற்றுத் தேய்ந்து இரைச்சல் சற்று ஏறும். சந்தையில் பால் கைமாறுந்தோறும் தண்ணீர் சேர்வதைப் போன்றது.

இதே காலத்தில் பாட்டுகளின் அமைப்பும் மாறத் தொடங்கியது. இதை ஊன்றிக் கவனிக்கவேண்டும். 1978இல் வந்த பிரியா படத்தின் பாட்டுகளை இளையராஜா இருதிசை ஒலிமுறையிற் பதிந்தார். இடச்செவிக்கு ஒன்று, வலச்செவிக்கு ஒன்று என்று வாத்தியங்களைப் பிரித்து வைக்கும் முறை அது. அவருடைய பாட்டுகளில் அடியிற் செல்லும் கிட்டார், குரலுக்குத் துணைபோவதோடு நில்லாமல், தனக்கென ஒரு மெட்டைத் தாழ்ந்த குரலிற் பாடிக்கொண்டே செல்லும். சிறிய பெட்டியில் அது கேட்பதில்லை. கேட்காதபோது பாட்டு குறைபட்டதாகவும் தோன்றுவதில்லை. ஏனெனில் மெட்டு இருக்கின்றது, சொல் இருக்கின்றது. ஒரு வீட்டின் முகப்பைப் பார்த்துவிட்டு உள்ளே அறை இருப்பதை அறியாமற் போவது போன்ற நிலை. திரையிசையின் செல்வம் முழுவதும் மெட்டிலும் சொல்லிலும் குரலிலும் இருந்த காலம் போய், ஒரு பகுதி நாதத்தின் ஆழத்திலும் நிறத்திலும் வைக்கப்பட்ட காலம் இவ்வாறு தொடங்கியது. 1992இல் ஏ. ஆர். ரகுமானின் ரோஜா வந்தபோது இந்த மாற்றம் முற்றுப்பெற்றது எனலாம். தம் வீட்டருகே அமைத்த பதிவுக்கூடத்தில் ஒவ்வொரு நாதத்தையும் தனித்தனியே செதுக்கி அடுக்கியவர் அவர். தாளத்தின் அதிர்வு, அதன் அடியிலுள்ள முழக்கம், இரண்டு ஓசைகளுக்கு நடுவேயுள்ள வெளி ஆகிய யாவும் அவர் இசையமைப்பின் உறுப்புகள்.

அந்த இசை வந்த ஆண்டுகளிற் குடாநாட்டில் மின்சாரம் இல்லை.

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியிற் போர் மீண்டும் மூண்டபோது நின்ற மின்வழங்கல், ஆண்டுக்கணக்கில் திரும்பவில்லை. குடாநாட்டுக்குக் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருட்களுள் பற்றறியும் ஒன்று. கிடைத்த பழைய பற்றறியை வெய்யிலிற் காயவைத்து, உப்புநீர் ஊற்றி, இன்னும் ஒரு செய்திக்கு உயிர் தருமா என்று பார்த்தனர். ஜாம் போத்தலிற் சிறிது பஞ்சும் மண்ணெண்ணெயும் இட்ட விளக்கிற் பிள்ளைகள் படித்தனர். இந்நிலையிற் பாட்டுக் கேட்பதற்குக் கைகொடுத்தது துவிச்சக்கர வண்டி. வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்தி, டைனமோவைப் பின்சில்லிற் சாய்த்து, மிதியைக் கையாற் சுற்றுவர். டைனமோ தருவது ஆறு வோல்ற்று மின்சாரம். வானொலிப் பெட்டியிற் போடும் ஒன்றரை வோல்ற்றுப் பற்றறிகள் நான்கும் சேர்ந்தால் அதே ஆறு. கணக்குப் பொருந்திற்று, மின்னோட்டந்தான் பொருந்தவில்லை. டைனமோவின் மின்னோட்டம் திசைமாறித் திசைமாறி வருவது. அதை ஒரு திசையாக்க நான்கு இருவாயிகளும், அதன் துடிப்பை அடக்க ஒரு கொள்ளளவியும் வேண்டும். பழுதான பெட்டிகளிலிருந்து அவற்றைக் கழற்றியெடுத்து இணைத்த இளைஞர்கள் பௌதிகவியலை அந்த ஆண்டுகளிற் கற்றதுபோல் எந்த ஆண்டிலும் எந்த மாணவரும் கற்றிலர்.

அப்போது இருபது வயதை எட்டியிருந்தவர்களுள் நானும் ஒருவன் ஆகையால் இதைக் கேள்வியறிவாற் சொல்லவில்லை. வானொலியாயின் பெரிய சிரமமில்லை. சுற்று தளர்ந்தால் குரல் மெலியும், விரைந்தால் மீளும். நாடாக்கருவியாயின் சுற்றுபவனே சுருதிக்குப் பொறுப்பாளி. கை சோர்ந்தால் உள்ளேயுள்ள மோட்டாரும் சோரும், ஐந்து கட்டையில் எடுத்த பாட்டு நான்கு கட்டைக்கு இறங்கும், இளங்குரல் முதுகுரலாகும். "சுருதி, சுருதி!" என்று சுற்றியிருப்பவர் கூவுவர். மிதியைச் சுற்றியவனுக்குச் சங்கிலியின் கரகரப்பும் சில்லின் இரைச்சலுமே மிகுதியாகக் கேட்கும். ஆகையால் முறைவைத்துச் சுற்றினர். ஒருவன் தனக்கு மிக விருப்பமான பாட்டு வரும்போது மிதியை மற்றவனிடம் கொடுத்துவிடுவான். ஒருவன் எந்தப் பாட்டை விரும்புகிறான் என்பதை அவன் எப்போது எழுகிறான் என்பதிலிருந்தே அறிந்துகொள்ளலாம்.

அந்தப் பாட்டுகளைக் குடாநாட்டவர் சுவைத்தனரா? சுவைத்தனர். இரண்டு அங்குல ஒலிபெருக்கியில், மூன்றாம் நான்காம் தலைமுறை நாடாவில், ஏறி இறங்கும் சுருதியில், ரோஜாவின் பாட்டுகளை மனப்பாடமாய்ப் பாடினர். தரம் இன்றேற் சுவை இன்று என்பார்க்கு அந்த ஆண்டுகளே மறுமொழி. ஆனால் வழக்கு அதோடு முடிந்துவிடவில்லை. பின்னர் கொழும்பிலும் கனடாவிலும் இலண்டனிலும், நல்ல கருவிகளில், அதே பாட்டுகளைக் கேட்டவர்கள் திகைத்தனர். அடியில் ஒரு முழக்கம். தாளத்தின் பின்னே இன்னொரு தாளம். குரலைச் சூழ ஒரு வெளி. எனக்கும் அந்தத் திகைப்பு நேர்ந்ததுண்டு. பழைய பாகவதர் பாட்டையோ சௌந்தரராசன் பாட்டையோ நல்ல கருவியிற் கேட்டபோது அந்தத் திகைப்பு எழவில்லை. மகிழ்ச்சி எழுந்தது, அவ்வளவே. ஆகவே ஒலித்தரம் எவ்வளவு வேண்டும் என்பதற்கு எல்லாப் பாட்டுக்கும் பொதுவான விடை இல்லை என்பதே என் துணிபு. பாட்டைச் செய்தவன் தன் செல்வத்தை எங்கே வைத்தான் என்பதைப் பொறுத்தது அது. மெட்டிலும் சொல்லிலும் வைத்தவன் பாட்டு எந்தப் பெட்டியிலும் பிழைக்கும். நாதத்தின் ஆழத்தில் வைத்தவனுடைய பாட்டைச் சிறு பெட்டியிற் கேட்பவன் பாதியை வாங்கிக்கொண்டு முழுதும் பெற்றதாக மகிழ்கின்றான்.

மேல்நாட்டு அறிஞர் இதை ஆய்வுகூடத்தில் ஆராய்ந்திருக்கின்றனர். 1945இல் சின், ஐசன்பேர்க் என்னும் இருவர் அமெரிக்க வானொலி நேயர்களுக்கு ஒரே இசையை ஒடுங்கிய ஒலியகலத்திலும் விரிந்த ஒலியகலத்திலும் கேட்கச் செய்தபோது, பெரும்பாலோர் ஒடுங்கியதையே விரும்பினர். பொறியியலாளர் திகைத்துப்போயினர். மக்களின் செவி பழக்கத்துக்கு அடிமைப்பட்டுவிட்டது என்று சிலர் கூறினர். இரண்டாண்டின் பின் ஒல்சன் என்பார் வேறொரு வழியிற் பரிசோதித்தார். பதிவை விட்டுவிட்டு, திரைக்குப் பின்னே வாத்தியகாரரையே இருத்தி வாசிக்கச் செய்து, மேல்நாதங்களை மறைக்கும் தடுப்பை வைத்தும் எடுத்தும் கேட்கச் செய்தார். இப்போது பெரும்பாலோர் முழு நாதத்தையே விரும்பினர். முதற் பரிசோதனையில் மக்கள் வெறுத்தது விரிந்த நாதத்தை அன்று. அந்நாட் கருவியில் விரிந்த நாதத்தோடு கூடவே வந்த கரகரப்பையும் திரிபையும் என்பது இதனாற் பெறப்படும். கலங்கல் நீர் நிறைந்த குடத்திலும் தெளிந்த நீருள்ள செம்பு மேல் என்று அவர்கள் கருதியிருக்கின்றனர். கூம்பு ஒலிபெருக்கியைவிடச் சிறு திரான்சிஸ்டர் வானொலி இனியதாக நமக்குத் தோன்றியதும் இக்காரணம் பற்றியே.

செவியை ஏமாற்றுவதும் எளிது. எடிசனுடைய நிறுவனம் 1915 முதல் ஏறக்குறையப் பத்தாண்டு ஊர் ஊராகக் காட்சி நடத்தியது. மேடையில் ஒரு பாடகி தன் இசைத்தட்டின் அருகே நின்று பாடுவார்; விளக்கு அணையும்; மீண்டும் எரியும்போது பாடகி இருக்கமாட்டார், தட்டு மட்டும் பாடிக்கொண்டிருக்கும். சபையோர் வேறுபாடு அறியாது கைதட்டினர். இயந்திரத்தின் நாதத்துக்கு இசையத் தம் குரலை ஒடுக்கிப் பாடியதாகப் பாடகியருள் ஒருவர் பிற்காலத்திற் கூறினார். இன்று கைத்தொலைபேசியிற் பாட்டுக் கேட்போர்க்கும் இது பொருந்தும். எம்.பி.3 என்னும் முறை, ஒரு பெருநாதத்தின் நிழலில் மறைந்து செவிக்கு எட்டாத சிறுநாதங்களைக் கழித்துவிட்டுக் கோப்பைச் சுருக்குகின்றது. முறையாகச் செய்தால் பெரும்பாலோர்க்கு வேறுபாடு புலனாகாது. அளவுமீறிச் சுருக்கினால் சல்லரியின் ஒலி தண்ணீரிற் கரைந்த சாம்பல்போல் ஆகிவிடும்.

இதுவரை சொன்னது சுவைப்பவனைப் பற்றி. காப்பவனுடைய கணக்கு வேறு. சுவைப்பவன் குறையைத் தன் மனத்தால் நிரப்பிக்கொள்ளலாம். காப்பவன் எதைப் பதிந்துவைக்கவில்லையோ அது இனி யாருக்கும் இல்லை. இத்தீவிலே தமிழ்த் திரைப்படங்கள் எடுக்கப்பட்டன. 1960களில் சமுதாயம், தோட்டக்காரி, 1972இல் குத்துவிளக்கு, 1978இல் வாடைக்காற்று. அவற்றுக்குப் பாட்டுகளும் உண்டு. 1983 ஜூலையில் ஹெந்தளையிலிருந்த விஜயா படப்பிடிப்பு நிலையம் எரிக்கப்பட்டபோது படச்சுருள்கள் பலவும் சாம்பராயின. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தனர். அரிசியையும் ஆவணங்களையும் கைக்குழந்தையையும் சுமந்தவர்கள் இசைத்தட்டைச் சுமக்கும் நிலையில் இருக்கவில்லை. மூலச்சுருள் அழிந்த ஒரு பாட்டுக்கு, எங்கோ ஒரு பரணில் தேய்ந்து கிடக்கும் தட்டும், ஈரமேறிய ஒலிநாடாவுமே மூலம். அத்தகைய தட்டை ஒரு தொலைபேசியின் முன் ஓடவிட்டுப் பதிந்துகொண்டு, பாட்டுக் கிடைத்துவிட்டது என்று நிறைவடைவதை என்னால் ஏற்க முடியவில்லை. பாட்டு பிழைத்துவிடும் என்பது உண்மையே. அது பதியப்பட்ட கூடத்தின் எதிரொலி, வாத்தியகாரர் எத்தனைபேர், பாடியவர் எங்கே மூச்செடுத்தார் என்பவை போய்விடும்; வரலாற்று மாணவனுக்கு வேண்டியவை அவையே.

பழைய பாட்டுகளைக் கணினியிலிட்டுத் "துலக்கும்" வழக்கமும் இப்போது மிகுந்துள்ளது. இரைச்சலை அளவோடு நீக்குவது நன்று. பலர் இரைச்சலோடு சகரத்தின் சீறலையும் குரலின் மேல்நாதத்தையும் துடைத்துவிடுகின்றனர். பாடகர் கம்பளிக்குள் இருந்து பாடுவதுபோல் ஆகிவிடுகின்றது. ஒற்றைத்திசைப் பதிவைச் செயற்கையாக இருதிசையாக்கி, புதிதாகத் தாளமும் சேர்த்து, தெளிவாக்கினோம் என்பாரும் உளர். அவர்கள் செய்தது வேறு பாட்டு. துலக்குவோர் விரும்பியவாறு துலக்கட்டும். துலக்குமுன் உள்ள பதிவை, அதன் இரைச்சலோடும் கீறலோடும், கைபடாமல் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டுத் துலக்கட்டும்.

குடாநாட்டு வீடுகளில் இன்னும் 78 சுற்றுத் தட்டுகள் இருக்கக்கூடும். பேரனாருடைய பெட்டியில், பழைய தாளிற் சுற்றிக் கிடக்கும். வைத்திருப்போர்க்கு ஓரிரு குறிப்புகள் சொல்லி அமைகின்றேன். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நூல்களைப்போல் நிமிர்த்தி வையுங்கள்; படுக்கவைத்த தட்டு பாரத்தால் வளையும், வெடிக்கும். பிற்கால நெடுந்தட்டுக்கு உரிய நுண்ணூசியை இவற்றில் ஓட்டாதீர்கள்; அரக்குத் தட்டின் பள்ளம் ஏறக்குறைய மூன்று மடங்கு அகன்றது, அதற்குரிய ஊசி வேறு. தூசியை மெல்லிய துணியாலோ, சிறிதளவு சவர்க்காரம் கலந்த நீராலோ, நடுவிலுள்ள பெயர்த்தாள் நனையாதபடி துடைக்கலாம். மதுசாரம் கலந்த துப்புரவுத் திரவம் எதையும் தொடவிடாதீர்கள். அரக்கு மதுசாரத்திற் கரைவது. துடைக்கத் துடைக்கப் பாட்டே துணியில் வந்துவிடும்.